பத்தமடைப் பாய்: வாங்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்

"அண்ணாச்சி, இது பத்தமடைப் பாயா?" என்று கேட்டால் எந்தப் பாய்க்கடையிலும் ஒரே பதில்தான்: "பத்தமடையேதான், சந்தேகமே வேண்டாம்." அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "கையால நெய்ததா, மிஷின்ல ஓட்டினதா? பாவு பருத்தியா, நைலானா?" என்று கேட்டுப் பாருங்கள். (பாவு என்றால் பாயின் நீளவாக்கில் ஓடும் நூல்.) கடைக்காரர் உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். உள்ளறையில் சுருட்டி வைத்திருக்கும் பாய் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

கோரையில் நெய்தது எல்லாம் பத்தமடைப் பாய் ஆகிவிடாது. திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உள்ள பத்தமடையில், பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தரைத்தறியில் கையால் நெய்து வரும் பாய்க்குத்தான் அந்தப் பெயர். புவிசார் குறியீடும் அதற்குத்தான். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்குப் பரிசாகப் போனதும் இந்த ஊர்ப் பாய்தான். இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரர் அபூர்வம். ஆனால் ராணிக்குப் போன ரகம் வேறு, சாதாரணமாக நம் கைக்கு வரும் ரகம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கினால் காசு வீணாகும், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் பாய் வீணாகும்.

முதலில் புல்லைப் பார்ப்போம். கோரை ஈரம் தேடி ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்வது. பத்தமடைக்குத் தாமிரபரணித் தண்ணீர் கன்னடியன் கால்வாய் வழியாக வருகிறது. 'பத்து மடை' என்பதுதான் ஊர்ப்பெயர் ஆயிற்று என்று காரணமும் சொல்வார்கள். கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருக்கும், விரலிடுக்கில் வைத்து உருட்டினால் உருளாது. வெளித்தோல் வழுவழுப்பு, உள்ளே பஞ்சு மாதிரி சோறு. பச்சையாக அறுத்து, ஈரம் இருக்கும்போதே கீறி, வெயிலில் காயப்போட வேண்டும். காய்கிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் தண்டில் கரும்புள்ளி விழுந்துவிடும். புதுப் பாயை விரித்ததும் அங்கங்கே தெரியும் கருந்திட்டுகள் அழுக்கல்ல, இப்படி நனைந்த புல். துடைத்தால் போகாது. பிற்பாடு இழை முதலில் ஒடிவதும் அந்த இடத்தில்தான்.

நேர்த்தியான பாய்க்கு வேலை இன்னும் இருக்கிறது. தண்டின் சோற்றை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சில நாள் முதல் ஒரு வாரம் வரை ஊறப்போடுவார்கள். தேங்கிய தண்ணீர் ஆகாது. அதில் ஊறினால் கோரை கறுத்து வாடை பிடித்துவிடும். ஆறும் வாய்க்காலும் வற்றினால் புல்லும் போயிற்று, ஊறவைக்கும் இடமும் போயிற்று. ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து நூல் கனத்துக்குக் கீறுவதற்குத் தனியாகக் கைப்பழக்கம் வேண்டும்.

தறி என்றதும் காஞ்சிபுரத்துத் தறியை நினைக்க வேண்டாம். இரண்டு மூங்கிலுக்கு நடுவே தரையோடு தரையாகப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும். துளை போட்ட மரச்சட்டம்தான் அச்சு. துணித்தறியில் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா இங்கே கிடையாது. நீளமான குச்சி நுனியில் ஒரே ஒரு கோரையை மாட்டிப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் இறுக்கித் தட்டி, ஓரத்தை மடக்கி, பிறகு அடுத்த கோரை. இழை அரை மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் ஆறடிப் பாய்க்குக் குச்சி ஏறத்தாழ 3,600 முறை போய்வர வேண்டும். சாதாக் கோரை 2 மில்லிமீட்டர் என்றால் 900 முறை போதும். விலை ஏன் அப்படி ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

ரகம் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். சாதாப் பாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கோரை தடிமனாக இருக்கும், அங்குலத்துக்கு மூன்று நான்கு பாவுதான் ஓடும். தினமும் விரித்துப் படுக்க, கல்யாண வீட்டில் நாலு பேர் உட்கார, வற்றல் காயப்போட, எல்லாவற்றுக்கும் இதுதான் லாயக்கு. நடுத்தரத்தில் அங்குலத்துக்கு ஐந்தாறு பாவு. கோரை மெலிதாக, கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தது பட்டுப் பாய். இதில் பட்டு நூல் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. மடித்தால் துணி போல் மடிவதால் வந்த பெயர் அது. பட்டுப் பாய்க்கு 100 முதல் 140 வரை பாவு என்று எண்ணிக்கை சொல்வார்கள். எண்ணை மட்டும் கேட்டுத் தலையாட்டாதீர்கள். எவ்வளவு அகலத்துக்கு அந்த எண் என்று கேளுங்கள், இல்லையென்றால் கையோடு ஒரு ஸ்கேல் கொண்டுபோய் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை நூல் என்று நீங்களே எண்ணுங்கள். பத்துக்கு மேல் வந்தால்தான் பட்டுப் பாய் விலை கொடுக்கலாம்.

நல்ல நடுத்தரப் பாய்தான் கொடுக்கும் காசுக்கு மிகப் பொருத்தம். பட்டுப் பாய் கண்ணுக்கு அழகு, சந்தேகமில்லை. ஆனால் பல ஆயிரம் கொடுத்து வாங்கியதை யாரும் தரையில் விரிப்பதில்லை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பீரோவுக்குள் வைத்து மறந்துவிடுகிறார்கள். பாய் என்றால் அதில் ஆள் உட்கார வேண்டும். நடுத்தரப் பாய் விருந்தாளி வரும்போது வெளியே வரும், நாலு பேர் கால் மடக்கி உட்காருவார்கள், "பத்தமடையா?" என்று ஒருவராவது தடவிப் பார்த்துக் கேட்பார். பிறகு அவர் ஊர் எது, அந்தப் பக்கம் யார் யார் சொந்தம் என்று பேச்சு எங்கேயோ போகும்.

விசைத்தறிப் பாயையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. காவிரிக் கரையில் முசிறி, கரூர்ப் பக்கம் விளையும் கோரையில் ஓட்டிய பாய்கள் சீராக, ஒரே அளவில், மலிவாகக் கிடைக்கின்றன. விடுதி அறைக்கோ, வாடகை வீட்டுக்கோ அதுவே தாராளம். அதை அதன் ஊர்ப்பெயரிலேயே விற்றால் போயிற்று. முசிறிக்கு என்ன மதிப்புக் குறைவு? பிளாஸ்டிக் பாயைப் பற்றி ஒரே வரி: மழையில் நனைந்தால் கவலையில்லை, கோடையில் முதுகு வியர்வையில் ஒட்டிக்கொள்ளும்.

இனிக் கடையில் பார்க்க வேண்டியவை. பாயை இரண்டு பேராக ஜன்னலுக்கோ வாசலுக்கோ நேராகத் தூக்கிப் பிடியுங்கள். கைப்பாயில் இடைவெளி இடத்துக்கு இடம் இம்மி வித்தியாசப்படும்; நெய்தவர் காலையில் உட்கார்ந்த வேகமும் மாலையில் உட்கார்ந்த வேகமும் ஒன்றாக இருக்காதே. வெளிச்சம் ஒரே சீராகக் கட்டம் போட்டது போல வந்தால் அது மிஷின். ஆனால் ஓரிடத்தில் மட்டும் கோடாக வெளிச்சம் பாய்ந்தால் அங்கே அச்சு சரியாக இறுகவில்லை. படுக்கப் படுக்க அந்தக் கோடு அகலும். அப்படிப்பட்ட பாய் கையால் நெய்ததே ஆனாலும் வேண்டாம்.

அடுத்து ஓரம். கைப்பாயில் கோரையின் நுனி ஓரத்தில் திரும்பி உள்ளே மடங்கிப் போயிருக்கும். துணிப்பட்டை வைத்துத் தைத்திருந்தால் அதை லேசாக விலக்கிப் பாருங்கள். கோரை கத்தரித்தது போல மொட்டையாக நின்றால் விசைத்தறியில் ஓட்டி வெட்டியது. பாவு நூலின் நுனியில் ஒரு பிசிறு கிள்ளி, கடைக்கு வெளியே வந்து நெருப்புக் காட்டலாம். பருத்தி சாம்பலாகும், நைலான் உருகி மணியாகத் திரளும். முன்பெல்லாம் கற்றாழை நாரில்தான் பாவு போட்டார்கள், இன்று பருத்தி நூல். நைலான் அறாது, உண்மைதான். ஆனால் அது கோரையை அறுக்கும். நூல் பிழைத்துப் புல் சாகும் பாயை வைத்து என்ன செய்வது?

சாயத்துக்கு வெள்ளைக் கைக்குட்டை போதும். நனைத்துப் பிழிந்து சிவப்புப் பகுதியில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை, புதுச் சாயம் கொஞ்சம் விடும். கைக்குட்டை ரோஜா நிறமாகிவிட்டால் வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார முடியாது. அந்தக் காலத்துச் சிவப்பு பதிமுகக் கட்டையைக் காய்ச்சி எடுத்தது, கண்ணை உறுத்தாது. இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம். அதிலும் கிளிப்பச்சையும் கத்தரிப்பூவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெய்கிற வழக்கம் யாருடைய ரசனை என்று தெரியவில்லை. சாயம் போடாத வெளிர்மஞ்சள் உடம்பும் கரையில் மட்டும் சிவப்பும் கறுப்பும் கேட்டு வாங்கினால் வருஷங்கள் கழித்தும் பார்க்க நன்றாக இருக்கும்.

அளவில் ஒரு குறை உண்டு. மூன்றடிக்கு ஆறடி, நாலடிக்கு ஆறடி என்று சொல்வதெல்லாம் உத்தேசம்தான். ஓரம் மடித்து, முடிச்சுப் போட்டு முடிக்கும்போது இரண்டு மூன்று அங்குலம் குறைந்துவிடும். கட்டில் மேல் விரிக்க வாங்குபவர்கள் அளந்து வாங்குங்கள்.

கல்யாணப் பாய்க்கு வருவோம். மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் சேர்த்து நெய்யச் சொல்லிச் சீரில் வைக்கும் வழக்கம்தான் இந்தப் பாயை எந்த மதத்து வீட்டிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நெய்பவர் வீட்டுத் திண்ணையில் குங்குமம் வைத்த கல்யாணப் பத்திரிகை இருக்கும், அதைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள். இங்கேதான் தவறும் அதிகம், ஏனென்றால் நெய்த எழுத்தைத் திருத்த முடியாது. ஓர் எழுத்து பிசகினால் அதற்குப் பிறகு போட்ட கோரை அத்தனையையும் உருவ வேண்டும்.

எழுத்து எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பாவும் கோரையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கட்டம்தான் பாய். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பாவுக்கு மேலே நிறக்கோரை தெரிய வேண்டும், எதற்குக் கீழே மறைய வேண்டும் என்று விரலால் பிரித்துக் கோக்கிறார்கள். அங்குலத்துக்கு நான்கு பாவு ஓடும் சாதாப் பாயில், இரண்டு அங்குல அகலத்து எழுத்துக்குக் கிடைப்பது எட்டே கட்டம். எட்டுக் கட்டத்தில் 'ட'வும் 'ப'வும் கம்பீரமாக நிற்கும். 'ழ', 'ஞ', 'ஜ' எல்லாம் நண்டு நடந்த மாதிரி ஆகும். புள்ளியின் கதி அதைவிட மோசம். ஒரே ஒரு கட்டமாக விழுந்து கரைந்துபோய், கார்த்திக் 'காரததிக' ஆகிவிடுவார். ஆகவே பெயர் போடுவதானால் நடுத்தரத்துக்குக் குறையாமல் போங்கள், எழுத்து மூன்று அங்குலமாவது அகலம் இருக்கட்டும், புள்ளியை இரண்டு கட்டமாகப் போடச் சொல்லுங்கள். நீளப் பெயரை இரண்டு வரியாக்குங்கள். பட்டம், தொழில் எல்லாம் பத்திரிகையோடு நிற்கட்டும்.

வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டி அனுப்புவதைவிட, கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு பாவு என்று நிழலடித்துப் படம் எடுத்து அனுப்பினால் நெய்பவருக்கும் நிம்மதி. தேதியை எண்ணில் கொடுங்கள். பெயரைப் பாயின் நடுவில் போடச் சொல்லாதீர்கள். இடுப்பும் முதுகும் அழுந்துவது அங்கேதான், தேய்வதும் அங்கேதான். தலைமாட்டில் ஒருவர் பெயர், கால்மாட்டில் ஒருவர் பெயர் என்று வைத்தால் வீட்டில் சண்டை வரும் என்பதால் இரண்டையும் தலைமாட்டிலேயே, ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே போடுவது உத்தமம்.

பாய் கைக்கு வந்ததும் திருப்பிப் பாருங்கள். நெய்த பெயர் பின்பக்கம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரியும். பின்பக்கம் நூல் முடிச்சுகள் இருந்தால் மேலே தைத்தது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை என்றால் பெயின்ட்.

சொல்லும் காலமும் முக்கியம். தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரை காயாது, சாயமும் காயாது. அந்த நேரத்தில் அவசரப்படுத்தி வாங்கும் பாய் ஈரத்தோடு வரும், மார்கழிப் பனியில் பூசணம் பூக்கும். பட்டுப் பாய் என்றால் இன்னும் சில மாதம் முன்கூட்டியே. பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் நெய்பவரிடமே வாங்கும்போது விலையில் பாதியைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை. அறுத்தது, கீறியது, ஊறவைத்தது, சாயம் போட்டது எல்லாம் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. ஊருக்குப் போக முடியாதவர்கள் தமிழ்நாடு அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையங்களில் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் மடிக்காமல் சுருட்டி, தடித்த அட்டைக் குழாய்க்குள் வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உலர்ந்த புல்லில் செய்த பொருள் என்று விமான நிலையத்தில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மண்ணோ பூச்சியோ ஒட்டாமல் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் அபராதம்.

பராமரிப்பில் எல்லோரும் செய்யும் தவறு மடிப்பது. கோரை பாயின் அகலத்தில் ஓடுகிறது, பாவு நீளத்தில். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குச் சுருட்டினால் கோரை நேராகவே இருக்கும், வளைவது நூல் மட்டும்தான். பக்கவாட்டில் இரண்டாக மடித்தால் பாயில் உள்ள அத்தனை கோரையும் ஒரே கோட்டில் ஒடியும். ஒரு மாதம் அப்படி மடித்து வைத்தால் நடுவில் கீறல் விட்டு, பிறகு அங்கேயே கிழியும். சோறு எடுத்து நூலாகக் கீறிய பட்டுப் பாய் மட்டும்தான் மடிப்புக்குத் தாங்கும்.

புதுப்பாயை முதல் வாரம் காலை வெயிலில் அரைமணி, ஒருமணி நேரம் காட்டுங்கள். உச்சி வெயில் வேண்டாம், கோரை காய்ந்து முறுகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கோரை ஓடும் திசையில் துடைத்து, நிழலில் காயவைத்தால் போதும். தலையெண்ணெய்க் கறைக்கு அரிசிமாவைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டுங்கள். சாம்பார் சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள். மஞ்சள் ஏறிவிட்டால் போக்குவது கஷ்டம். பூசணம் பிடித்தால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் தட்டி, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து வெயில் காட்டுங்கள். பரணில் வைக்கும்போது பிளாஸ்டிக் உறை போடாமல் பழைய வேட்டியில் சுற்றுங்கள், இடையே உலர்ந்த வேப்பிலை நாலு. ஓரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அன்றைக்கே தடித்த நூலால் இரண்டு தையல் போடுங்கள், நாளைக்கு என்று விட்டால் பக்கத்துக் கோரைகள் வரிசையாகக் கழன்றுவிடும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் தினமும் படுத்தால் நடுப்பகுதி ஒருநாள் போகத்தான் செய்யும். அதற்காக முழுப் பாயையும் தூக்கிப் போட வேண்டாம். தலைமாடும் கால்மாடும் நன்றாகவே இருக்கும், அவற்றை ஒருவர் உட்காரும் சின்னத் தடுக்காக வெட்டிக்கொள்ளலாம். முதலில் வெட்டாதீர்கள். வெட்ட வேண்டிய கோட்டின் இருபுறமும் ஒரு விரல் தள்ளித் தையல் மிஷினில் இரண்டிரண்டு ஓட்டு ஓட்டிவிட்டு, நடுவில் கத்தரி வையுங்கள். தையல் இல்லாமல் வெட்டினால் பாவு உருவிக்கொண்டு கோரை உங்கள் மடியில் உதிரும். பிறகு பழைய வேட்டிக் கரையை மடித்து நாலு பக்கமும் பட்டை தைக்க வேண்டும். பெயர் நெய்த துண்டு என்றால் ஓரத்தில் இரண்டு விரல் கூடுதலாகவே விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் பட்டைக்குள் முதலெழுத்து போய்விடும்.